ஊர்க் கிணறும் ஆய்வுக் கோப்பும்: சிறிய லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியைப் புலமைப் பணியாக்கும் வழி

கலை, அறிவியல் துறைகளைப் பரவலாகக் கற்பிக்கும் அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு, அவருடைய வேலை கற்பித்தல், புலமைப் பணி, சேவை என்னும் மூன்று தலைப்புகளில் மதிப்பிடப்படும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பருவத்துக்கு மூன்று பாடங்கள், மாணவர்களுக்கான கல்வி ஆலோசனை, ஒன்றிரண்டு குழுக்களில் உறுப்பினர் பொறுப்பு ஆகியவற்றுக்கு நடுவே அவர் அந்த ஊர் மக்களுடன் சேர்ந்து ஏதேனும் செய்யத் தொடங்கினால், யாரும் முடிவெடுக்காமலேயே அந்த வேலை மூன்றாவது தலைப்பின்கீழ் போய் விழும். சேவையை எவரும் வெளிப்படையாகத் தாழ்த்திப் பேசுவதில்லை; ஆனால் டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணியுரிமை குறித்து முடிவெடுக்கும் அறையில் அதன் எடை எவ்வளவு என்பது, அங்கே ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்.

ஊருடன் செய்யும் வேலையை இரண்டாவது தலைப்பின்கீழ் நேர்மையாக வைக்க விரும்புபவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நேர்மையாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்து முடித்த தொண்டுக்குப் பின்னால் ஆய்வு என்று பெயர் சூட்டுவது எளிது. படிக்கும் மதிப்பாய்வாளர் அதைக் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. தொடக்கத்திலேயே ஒரு கேள்வியும், அதற்கேற்ற ஒரு முறையும், பிறர் சோதித்துப் பார்க்கத்தக்க பதிவுகளும் இருந்தால்தான் ஊர் வேலை ஆய்வாகும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துச் செல்கிறேன். 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கே பொருந்தும். வீட்டுக்குச் சொந்தமான தனிக் கிணறுகளைக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒழுங்குபடுத்துவதில்லை. பொதுக் குடிநீரில் ஆர்செனிக் என்னும் நச்சுத் தனிமம் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. தன் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. நீரில் கலந்த ஆர்செனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. பல இடங்களில் பாறையிலிருந்தே நீரில் கலக்கிறது. ஊரின் புறத்தே கிணற்று நீரை நம்பும் குடும்பங்கள் இருக்கும் ஒரு சிறிய கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவருக்கு, மக்களின் தேவையும் துறையின் கேள்வியும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வரலாறு, சமூகவியல், இசை, கணக்கியல் எதுவாக இருந்தாலும் பின்வரும் படிகளில் பெரும்பகுதி பொருந்தும்.

கையேட்டை முதலில் படியுங்கள்

ஊருக்குள் இறங்குவதற்கு முன் ஆசிரியர் கையேட்டின் பதவி உயர்வு அத்தியாயத்தையும், துறைக்கென்று தனி அளவுகோல் இருந்தால் அதையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். புலமைப் பணி என்பதற்கு அங்கே என்ன வரையறை இருக்கிறது? சக மதிப்பாய்வு பெற்ற கட்டுரை மட்டும்தானா, அல்லது பயன்பாட்டு ஆய்வு, பொது அறிக்கை, கண்காட்சி ஆகியவற்றுக்கும் இடம் இருக்கிறதா? இந்தச் சொற்கள் பலவற்றின் வேர் 1990இல் இருக்கிறது. கார்னகி கற்பித்தல் மேம்பாட்டு அறக்கட்டளையின் தலைவராக இருந்த எர்னஸ்ட் போயர் அந்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புலமை என்பது கண்டுபிடிப்பு, ஒருங்கிணைப்பு, பயன்பாடு, கற்பித்தல் என நான்கு முகங்கள் கொண்டது என்று வாதிட்டார். பல சிறிய கல்லூரிகளின் கையேடுகள் அந்த நான்கையும் ஏற்றுக்கொண்டு எழுதப்பட்டவை. ஏற்றுக்கொண்டது காகிதத்தில்தானா, நடைமுறையிலுமா என்பதைக் கண்டறிய, அண்மையில் டென்யூர் பெற்ற இருவரிடம் தனித்தனியாகப் பேசுவதே வழி.

போயரின் நான்கைவிட அன்றாட வேலைக்குப் பயன்படுவது, அதே அறக்கட்டளையிலிருந்து 1997இல் கிளாசிக், ஹியூபர், மேராஃப் மூவரும் முன்வைத்த ஆறு அளவுகோல்கள்: தெளிவான நோக்கம், போதிய ஆயத்தம், பொருத்தமான முறை, குறிப்பிடத்தக்க விளைவு, திறம்பட எடுத்துரைத்தல், தன் வேலையைத் தானே விமர்சித்துப் பார்த்தல். எந்த வகைப் புலமையையும் இந்த ஆறால் அளக்கலாம் என்பதே அவர்கள் வாதம். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொண்டால், ஆறாம் ஆண்டில் டென்யூருக்கான கோப்புத் தயாரிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

காலக் கணக்கையும் இப்போதே போட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய 1940ஆம் ஆண்டு அறிக்கையின்படி தகுதிகாண் காலம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆகவே பெரும்பாலான இடங்களில் ஆறாம் ஆண்டில் முடிவெடுக்கிறார்கள், மூன்றாம் ஆண்டில் இடைக்கால மதிப்பீடு வருகிறது. ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெறவே ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பிடிக்கும். எனவே முதல் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் தொடங்காத வேலை, கோப்புக்குள் கட்டுரையாக வந்து சேர்வது கடினம்.

அதிகம் பேர் அறியாத ஒரு வழியும் இருக்கிறது. ஊர் மக்களுடன் சேர்ந்து வேலை செய்யும் கல்வி நிறுவனங்களை அங்கீகரிக்கும் சமூக ஈடுபாட்டுக்கான கார்னகி வகைப்பாடு 2006 முதல் வழங்கப்படுகிறது. அதற்கு நிறுவனங்கள் தாமாக விண்ணப்பிக்க வேண்டும். சமூகத்துடன் சேர்ந்து செய்யும் புலமைப் பணி பதவி உயர்வில் எப்படி மதிக்கப்படுகிறது என்ற கேள்விக்கும் அந்த விண்ணப்பத்தில் பதில் எழுத வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் அந்த வகைப்பாட்டைப் பெற்றிருந்தால், டீன் அலுவலகம் இதற்கு ஏற்கெனவே எழுத்தில் பதில் தந்திருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையேட்டில் மௌனமாக இருக்கும் இடம் அங்கே பேசக்கூடும்.

கேள்வியைக் கொண்டு போகாமல் கேட்கப் போங்கள்

என் முதல் தவறு, அழகாக அச்சிட்ட வினாத்தாளுடன் ஓர் உணவு வழங்கும் மையத்துக்குப் போனது. அதன் இயக்குநர் மரியாதையாக வாங்கிக்கொண்டார், மாணவர்கள் அறுபது பேரிடம் பதில் வாங்கினார்கள், நான் அறிக்கை தந்தேன். ஓராண்டு கழித்து அதை எதற்காவது பயன்படுத்தினீர்களா என்று கேட்டபோது, தமக்குத் தெரியாத எதையும் அது சொல்லவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பதிவு செய்தவர்களில் சிலர் இரண்டாம் முறைக்குப் பின் ஏன் வருவதில்லை என்பதே அவருக்கு இருந்த உண்மையான கேள்வி. அதை நான் கேட்கவே இல்லை.

ஆகவே முதல் மூன்று சந்திப்புகளில் கையில் குறிப்பேடு மட்டும் இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் சமூக ஈடுபாட்டு அலுவலகம் இருந்தால் அதன் வழியாகவே போவது நல்லது. சிறிய ஊரில் அந்த ஒரே நூலகத்தையும் ஒரே சுகாதாரத் துறையையும் ஐந்து பேராசிரியர்கள் ஒரே பருவத்தில் தேடிப் போவதுண்டு. வந்த மாணவர்களுக்கு வேலை சொல்லித் தருவதே அந்த அமைப்புகளுக்குத் தனிச் சுமையாகிவிடும். இதற்கு முன் எந்தப் பேராசிரியர் வந்தார், அவர் விட்டுச் சென்றது என்ன என்று கேளுங்கள். பதிலில் கசப்பு இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு, தன்னிலை விளக்கம் எதுவும் சொல்லாமல் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கிடைக்கும் கேள்வியை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். இதன் விடை எப்படி வந்தாலும், ஊரில் உங்களுடன் சேர்ந்து வேலை செய்யும் கூட்டாளி செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அது அவருக்குத் தேவையான கேள்வி அல்ல. இதன் விடை உங்கள் துறையில் எவருக்கும் புதிதாக எதையும் சொல்லாது என்றால், அது நல்ல தொண்டு. செய்யுங்கள், ஆனால் சேவைத் தலைப்பில் வையுங்கள். கிணற்று உதாரணத்தில், ‘எங்கள் ஊர்க் கிணறுகளில் ஆர்செனிக் இருக்கிறதா?’ என்பது ஊரின் கேள்வி. ‘ஒரே பாறை அமைப்பில் அடுத்தடுத்து இருக்கும் கிணறுகளில் அளவு ஏன் இவ்வளவு மாறுபடுகிறது, ஆழமும் பருவமும் அதில் என்ன பங்கு வகிக்கின்றன?’ என்பது துறையின் கேள்வி. நீர் மாதிரி எடுத்த ஒரே குப்பி இரண்டு கேள்விக்கும் பயன்படும்போது வேலை நிலைக்கும்.

இரண்டு பக்க ஒப்பந்தம்

நம்பிக்கை இருக்கும் இடத்தில் எழுத்து எதற்கு என்று இரு தரப்புக்கும் தோன்றும். எழுதியே ஆக வேண்டும். வழக்கறிஞர் மொழி வேண்டாம். இரண்டு பக்கம் போதும். தரவு யாரிடம் இருக்கும், யார் யாருக்குக் காட்டலாம், வெளியிடுவதற்கு முன் கூட்டாளி எத்தனை நாளில் படித்துக் கருத்துச் சொல்வார், கட்டுரையில் ஊரின் பெயர் வருமா, மாணவர்கள் இல்லாத கோடை மாதங்களில் யார் தொலைபேசியை எடுப்பார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும்.

இவற்றில் மிக நுட்பமானது, படித்துக் கருத்துச் சொல்லும் உரிமைக்கும் தடுத்து நிறுத்தும் உரிமைக்கும் இடையிலான வேறுபாடு. முதலாவதை எப்போதும் கொடுக்க வேண்டும். பிழைகளைக் கண்டுபிடிப்பதில் ஊர்க்காரரைப் போன்ற மதிப்பாய்வாளர் கிடைக்க மாட்டார். இரண்டாவதை முழுதாகக் கொடுத்துவிட்டால் அது ஆய்வாக நிற்காது. நடுவழி ஒன்று உண்டு: முடிவுகளை நிறுத்த முடியாது, ஆனால் ஒரு வீட்டையோ தெருவையோ அடையாளம் காட்டும் எதையும் உரிமையாளர் ஒப்புதலின்றி வெளியிடுவதில்லை, கூட்டாளி உடன்படாத விளக்கம் இருந்தால் அவருடைய மாற்றுக் கருத்தும் கட்டுரையில் இடம்பெறும் என்று எழுதிக்கொள்வது. கிணறு விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயமல்ல. சில மாநிலங்களில் வீட்டை விற்கும்போது கிணற்று நீரின் தரம் குறித்துச் சொல்ல வேண்டியிருப்பதால், சோதிக்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கும் உரிமையாளரும் இருப்பார். அவர் மறுப்பதற்குக் காரணம் உண்டு. அவரை வற்புறுத்தக் கூடாது.

ஒப்பந்தம் பேசும்போதே மிகக் கெட்ட முடிவு வந்தால் என்ன செய்வது என்பதையும் தீர்மானித்துவிட வேண்டும். ஒரு கிணற்றில் வரம்பைப் போல ஐந்து மடங்கு ஆர்செனிக் தெரிந்தால், அதை முதலில் பார்ப்பவர் இருபது வயது மாணவராக இருப்பார். அவர் யாரிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்காரருக்கு எத்தனை நாளுக்குள் யார் சொல்வது? கல்லூரி ஆய்வகம் பெரும்பாலும் மாநிலச் சான்று பெற்றதாக இருக்காது. எனவே உங்கள் எண்ணை முதற்கட்டக் கணிப்பாக மட்டுமே சொல்லி, சான்று பெற்ற ஆய்வகத்தில் உறுதிசெய்யச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும் என்ற ஒரு வரி அந்தக் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பலரும் முதலில் செய்ய நினைப்பது கொதிக்க வைப்பதைத்தான்.

பணம் பற்றியும் சில சொற்கள். கூட்டாளியின் நேரத்துக்கு மதிப்பூதியம் கொடுப்பது நியாயம், ஆனால் பல்கலைக்கழகக் கணக்கு அலுவலகம் தனியாருக்குப் பணம் தருமுன் வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம் கேட்கும்; பணம் கைக்கு வர வாரங்கள் ஆகும். பங்கேற்பாளர்களுக்குப் பரிசு அட்டை தருவதாக இருந்தால், அதைப் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைக் கணக்கு அலுவலகம் கேட்கக்கூடும். நீங்களோ ஒப்புதல் படிவத்தில் பெயரை எங்கும் பதியமாட்டோம் என்று வாக்களித்திருப்பீர்கள். இந்த முரண்பாட்டைத் தரவு திரட்டத் தொடங்குவதற்கு முன்பே இரு அலுவலகங்களையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர், வேறு அமைப்பு தரும் மதிப்பூதியத்தை ஏற்குமுன் பன்னாட்டு அலுவலகத்தைக் கேட்க வேண்டும். அந்த விசா தனக்காக மனுச் செய்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமே உரியது.

ஐ.ஆர்.பி.: முன்பே கேளுங்கள்

மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்தும்போது அதன் நெறிமுறையைப் பரிசீலிக்கும் குழுவே ஐ.ஆர்.பி. 1979இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை முன்வைத்த மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று கொள்கைகளே அதன் அடிப்படை. கூட்டாட்சி விதிப்படி அந்தக் குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவராவது அறிவியல் சாராதவராகவும், ஒருவராவது நிறுவனத்துடன் தொடர்பில்லாதவராகவும் இருக்க வேண்டும். சிறிய கல்லூரியில் அந்த வெளியாள் பெரும்பாலும் ஊர்க்காரர்தான், உங்கள் கூட்டாளியை நேரில் அறிந்தவராகவும் இருக்கலாம்.

விதி ஆய்வு என்று கருதுவது, பொதுமைப்படுத்தத்தக்க அறிவுக்குப் பங்களிக்கும் நோக்குடன் முறைப்படி நடத்தப்படும் விசாரணையை. கிணற்று நீரை மட்டும் அளந்தால் அது தண்ணீரைப் பற்றிய ஆய்வு. அந்த வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, வடிகட்டி வாங்க வசதி இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கிய கணம் அது உயிருள்ள மனிதரைப் பற்றிய தகவலாகிறது. வகுப்புப் பயிற்சிக்காக மட்டும் செய்து அத்தோடு முடித்துக்கொண்டால் பல இடங்களில் அனுமதி தேவைப்படாது. ஆனால் இரண்டாண்டு கழித்து இதைக் கட்டுரையாக்கலாமே என்று தோன்றினால், ஏற்கெனவே திரட்டிய தரவுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். வெளியிடும் ஆசை ஒரு துளி இருந்தாலும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உங்கள் ஆய்வு முழுப் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறும் வகை என்றுகூட முடிவாகலாம், ஆனால் அந்த முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளாமல் அலுவலகத்திடமிருந்து எழுத்தில் பெறுங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறிப்பிட்ட தனிமனிதர்களைப் பற்றிய வாய்மொழி வரலாறும் வாழ்க்கை வரலாறும் விதியின் வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. வரலாற்றுத் துறையினருக்கு இது நிம்மதி தரும் செய்தி. எனினும் சொன்னவரிடம் ஒப்புதல் கேட்கும் கடமை அதனால் தீர்ந்துவிடவில்லை.

மாணவர்கள் எழுதும் அனுபவக் குறிப்புகளையே தரவாக்கிக் கற்பித்தல் குறித்து எழுதும் எண்ணம் இருந்தால், அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். மதிப்பெண் போடுபவரே ஒப்புதல் கேட்டால் மறுப்பது மாணவருக்குக் கடினம். ஒப்புதல் படிவங்களைச் சக ஆசிரியர் ஒருவர் வாங்கி, மதிப்பெண்கள் பதிவான பிறகு உங்களிடம் தருவதே வழக்கம். மாணவர் பதிவேடுகளைப் பாதுகாக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தையும் மறக்கக் கூடாது.

பதினைந்து வாரத்துக்குள் அடங்காத வேலை

பருவம் ஏறக்குறைய பதினைந்து வாரம். ஊருக்கு அந்தக் காலண்டர் கிடையாது. முதல் இரண்டு வாரம் அறிமுகத்திலும் கடைசி இரண்டு வாரம் தேர்விலும் போய்விட, நடுவில் ஒரு வாரம் விடுமுறை; ஆக மாணவர் உண்மையில் களத்தில் நிற்பது பத்து வாரம்தான். எனவே முழு ஆய்வையும் ஒரு பாடத்துக்குள் திணிக்காமல், அதைத் துண்டுகளாக வெட்டிப் பல பாடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஓர் இலையுதிர்ப் பருவத்தில் பகுப்பாய்வு வேதியியல் வகுப்பு மாதிரி எடுக்கும் முறையை எழுதிச் சோதிக்கும். வசந்தப் பருவத்தில் முப்பது கிணறுகள். கோடையில் இரண்டு மாணவர்கள் ஊதியத்துடன் மீதிக் கிணறுகளையும் தரவுச் சுத்திகரிப்பையும் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டு புள்ளியியல் வகுப்பு அதை எடுத்துக்கொள்ளும். சிறிய கல்லூரியின் நன்மை இங்கேதான் இருக்கிறது: புள்ளியியல் ஆசிரியரின் அறை அடுத்த மாடியில் இருக்கிறது, மதிய உணவு மேசையில் அவரிடம் பேசி முடித்துவிடலாம். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாத குறையை இந்த அருகாமை ஓரளவு ஈடுசெய்கிறது.

இளங்கலை மாணவர் திரட்டும் தரவு நம்பத்தகுந்ததா என்ற கேள்வியை மதிப்பாய்வாளர் கட்டாயம் எழுப்புவார். பதில் முன்பே தயாராக இருக்க வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி, ஒவ்வொரு களப் பயணத்துக்கும் தூய நீர் நிரப்பிய ஒரு வெற்று மாதிரி, செறிவு தெரிந்த ஓர் ஒப்பீட்டு மாதிரி. அத்துடன் குப்பி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கையொப்பத் தாள். 10 மைக்ரோகிராம் அளவை நம்பிக்கையுடன் அளக்க, மிக நுண்ணிய உலோக அளவுகளையும் காட்டும் ஐ.சி.பி.-எம்.எஸ். போன்ற கருவி தேவைப்படும்; கல்லூரியில் இல்லாவிட்டால் அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்துடன் கருவி நேரத்துக்கு ஏற்பாடு செய்யலாம். அங்கே எடுக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மாணவர் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

பாடத்திட்டத்தில் சேவை மணிநேரத்துக்கு மதிப்பெண் தராதீர்கள். மணிநேரம் நிரப்புவதே நோக்கமாகிவிட்டால் மாணவர் கூட்டாளியின் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கற்றதற்கும் ஒப்படைத்ததற்கும் மதிப்பெண் தரலாம்: அளவீட்டுக் குறிப்பேடு, வீட்டுக்காரருக்கு எளிய மொழியில் எழுதிய கடிதம், முறையில் தான் கண்ட ஒரு குறை பற்றிய இரண்டு பக்கம். கடிதம் எழுதுவதுதான் அவர்களுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. அதற்கு இரண்டு திருத்தச் சுற்றுகள் ஒதுக்குங்கள்.

வாகனம், காப்பீடு, ஓட்டுநர் அனுமதி ஆகியவற்றை நிர்வாகத்திடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். இங்கே விரிக்கத் தேவையில்லை. ஆனால் மாணவர் ஊதியத்துக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். கூட்டாட்சி வேலை-படிப்புத் திட்டத்தில் கல்லூரி பெறும் ஒதுக்கீட்டில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளில் இருக்கும் மாணவர் ஊதியத்துக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. நிதியுதவி அலுவலகம் அந்த வேலைகளைத் தேடிக்கொண்டிருக்கலாம்; உங்கள் கிணற்று உதவியாளர் வேலை பொருந்துமா என்று கேளுங்கள்.

எழுதுவதும் கோப்பில் வைப்பதும்

முடிவுகள் முதலில் வீட்டுக்காரருக்கு, பிறகு ஊர் மன்றத்துக்கோ சுகாதாரத் துறைக்கோ, கடைசியில் ஆய்விதழுக்கு. இந்த வரிசையை மாற்றினால் ஊர் அதை மறக்காது. வீட்டுக்குப் போவது ஒரு பக்கம், அதில் ஒரே ஓர் எண்ணும் அதன் பொருளும். மன்றத்துக்குப் போவது வரைபடத்துடன் கூடிய ஆறேழு பக்கம். புள்ளிகள் வீட்டைக் காட்டாதபடி பரப்புகளாகத் தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்விதழைப் பொறுத்தவரை, துறை சார்ந்த இதழில் ஒன்றாவது வருவது நல்லது என்பது என் கருத்து. சமூக ஈடுபாட்டுக்கென்றே 1994இல் தொடங்கிய ‘மிச்சிகன் ஜர்னல் ஆஃப் கம்யூனிட்டி சர்வீஸ் லேர்னிங்’ போன்ற இதழ்கள் உண்டு. அங்கே கூட்டாண்மை பற்றியும் கற்பித்தல் பற்றியும் எழுதலாம். ஆனால் எல்லாக் கட்டுரையும் அங்கேயே வந்தால், இவர் வேதியியல் எப்போது செய்தார் என்று மேசையின் மறுமுனையில் ஒருவர் கேட்பார்.

ஆசிரியர் பெயர் வரிசையில் கூட்டாளியையும் மாணவரையும் சேர்ப்பது குறித்துத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கிரெடிட் எனப்படும் வகைப்பாடு பங்களிப்பைப் பதினான்கு பாத்திரங்களாகப் பிரிக்கிறது. யார் எதைச் செய்தார் என்று அதன்படி எழுதிவைத்தால் சண்டை குறையும்.

கோப்பைப் படிக்கப்போகும் பல்கலைக்கழகக் குழுவில் ஓபோ என்னும் குழலிசைக் கருவி வாசிக்கும் ஓர் இசை ஆசிரியரும், ஒரு தத்துவ ஆசிரியரும், ஒரு பொருளியலாளரும் இருக்கலாம். ஐ.சி.பி.-எம்.எஸ். என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, அதுபோலவே கிணறு சோதிப்பது ஏன் ஆய்வு என்றும் தெரியாது. எனவே தன்விளக்க உரையை அந்த ஆறு அளவுகோல்களின் வரிசையில் எழுதுங்கள், சொல்லப்படாத எதையும் அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள் என்று நம்பாதீர்கள். ஆறாவதான சுயவிமர்சனத்தில்தான் பலரும் சுருக்கிக்கொள்கிறார்கள். முதல் பருவத்தில் மாதிரிக் குப்பிகளைக் கழுவிய முறை தவறாக இருந்ததால் பதினொரு கிணறுகளை மறுபடியும் எடுத்தோம் என்பது போன்ற உண்மையை மறைக்காமல் எழுதினால், மற்ற பத்திகளையும் நம்புவார்கள்.

கூட்டாளியின் பாராட்டுக் கடிதம் சக மதிப்பாய்வு ஆகாது. அதனிடம் வேறொரு வேலை வாங்கலாம்: விளைவுக்குச் சான்று. உங்கள் ஆசிரியர் மிகவும் அன்பானவர் என்று எழுதச் சொல்லாமல், இந்த அறிக்கைக்குப் பின் நாங்கள் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். மன்றக் கூட்டக் குறிப்பில் அறிக்கை விவாதிக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தை இணையுங்கள். வெளி மதிப்பாய்வாளர்களின் பெயரைப் பரிந்துரைக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், துறையில் மதிப்புள்ளவராகவும் இத்தகைய வேலையைத் தானும் செய்தவராகவும் இருக்கும் ஒருவரையாவது தேடுங்கள். அந்தத் தேடல் கடைசி ஆண்டில் செய்யக்கூடியதல்ல, மூன்றாம் ஆண்டு மாநாட்டிலேயே அவர் கையைக் குலுக்கியிருக்க வேண்டும். பொதுமக்களுடன் சேர்ந்து செய்யும் புலமைப் பணியை ஆதரிக்கும் இமேஜினிங் அமெரிக்கா கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட டென்யூர் அறிக்கை, யார் சக மதிப்பாய்வாளர் என்ற வட்டத்தையே விரிக்க வேண்டும் என்று வாதிட்டது. டீன் திறந்த மனமுடையவர் என்றால் அவரிடம் அதைக் கொடுக்கலாம்; கோப்பு குழுவின் கையில் இருக்கும் மாதத்தில் மட்டும் கொடுக்காதீர்கள்.

நிதி விண்ணப்பத்திலும் இதே வேலை பயன்படும். ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1997 முதல் அறிவார்ந்த தகுதியுடன் பரந்த தாக்கத்தையும் அளவுகோலாக வைத்திருக்கிறது. இளங்கலைக் கல்வியை முதன்மையாகக் கொண்ட நிறுவனங்களுக்கென ஆர்.யூ.ஐ. என்ற வழியும் அங்கே உண்டு. பரந்த தாக்கம் என்ற பகுதியில் பலர் பள்ளிக்கு ஒருநாள் போய்ப் பேசுவோம் என்று எழுதும்போது, ஏற்கெனவே இரண்டாண்டாக நடக்கும் கூட்டாண்மையையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் காட்டுபவர் முன்னே நிற்கிறார்.

நீங்கள் இல்லாத ஆண்டு

டென்யூர் கிடைத்ததும் பலருக்கு ஓராண்டு ஆய்வு விடுப்பு வருகிறது. ஊரைப் பொறுத்தவரை அது நீங்கள் காணாமல் போகும் ஆண்டு. முந்தைய வசந்தப் பருவத்திலேயே கூட்டாளியிடம் சொல்லி, யார் தொடர்வார் அல்லது வேலை நிறுத்திவைக்கப்படுமா என்று முடிவு செய்யுங்கள். நிறுத்திவைப்பது தவறல்ல, சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு. களக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் கடைசியாக எடுத்த தேதி, உரிமையாளருக்குக் கடிதம் போனதா, மறுசோதனை எப்போது என்ற மூன்று நிரல்களும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். ஆய்வக அலமாரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்துவைத்த குப்பிகள் மீதி இருக்கும். உலோகப் பகுப்பாய்வுக்கு அவற்றை ஆறு மாதம் வரைதான் வைத்திருக்கலாம். நீங்கள் திரும்பி வரும்போது அவை எதற்கும் பயன்படாது. புறப்படுவதற்கு முன் அளக்க வேண்டியவற்றை அளந்து, முடியாதவற்றை முறைப்படி அப்புறப்படுத்தி, எந்தெந்த வீட்டின் நீர் அளக்கப்படவில்லை என்பதை அந்தந்த வீட்டுக்கு எழுதிவிடுங்கள்.